நிலையும் இயக்கமும்: ஆடலை ஒளிப்படமாக்கிய வரலாற்றில் ஒரு சிக்கல்

சிலப்பதிகார அரங்கேற்று காதை ஆடல் நிகழும் மேடையின் அளவுகளை வரையறுத்துக் கூறுகிறது. இருபத்து நான்கு விரல் கொண்ட கோலால் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என அரங்கம் அமைய வேண்டும். அரங்கின் பலகைக்கும் உத்தரப் பலகைக்கும் இடையே நான்கு கோல் இடைவெளி இருத்தல் வேண்டும். இவற்றோடு நில்லாமல், தூணின் நிழல் அரங்கின்மேல் விழாதவாறு விளக்கை நிறுத்தும் முறையையும் இளங்கோவடிகள் குறிப்பிடுகிறார். ஆடுபவளின் உடல் பார்ப்பவர் கண்ணுக்குத் தடையின்றித் தெரிய வேண்டும் என்னும் அக்கறை இதில் புலப்படுகிறது. எனவே ஆடலையும் ஒளியையும் இணைத்து எண்ணும் மரபு தமிழுக்குப் புதியதன்று.

ஒளிப்படக் கலையோ ஒளியை மட்டுமே மூலப்பொருளாகக் கொண்டது. அதனால் ஆடலுக்கும் ஒளிப்படத்திற்கும் இயல்பான நெருக்கம் இருக்கும் என்று தோன்றலாம். வரலாறு வேறு விதமாக உள்ளது. ஆடல் காலத்தில் நிகழ்வது. ஒளிப்படம் காலத்தின் ஒரு துணுக்கை மட்டும் எடுத்து வைத்துக்கொள்வது. தாளமும் பாட்டும் படத்தில் இல்லை. முந்தைய அசைவும் அடுத்த அசைவும் இல்லை. எஞ்சுவது ஒரு நிலை. அந்த நிலையைக் கொண்டு இயக்கத்தை எவ்வாறு உணர்த்துவது என்பதே ஆடலைப் படமெடுத்தோர் அனைவரும் எதிர்கொண்ட சிக்கலாகும். பரதநாட்டியத்தைப் பொறுத்தவரை இச்சிக்கல் கலை நுட்பத்தோடு முடிந்துவிடவில்லை. ஆடிய மகளிரைப் பற்றிய வரலாற்றுத் தீர்ப்புகள் வரை அது நீண்டிருக்கிறது. இக்கட்டுரை அவ்விரண்டையும் சேர்த்து நோக்குகிறது.

சிற்பியின் தேர்வு

ஒளிப்படக் கருவிக்கு முன்பே இச்சிக்கலை எதிர்கொண்டவன் சிற்பி. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல்தளச் சுற்றில் நாட்டிய சாத்திரம் கூறும் 108 கரணங்களுள் 81 கரணங்கள் செதுக்கப்பட்டுள்ளன. எஞ்சிய 27 கற்கள் வேலை முடியாமலே நிற்கின்றன. சிதம்பரம் கோபுரங்களில் கரணச் சிற்பங்கள் உள்ளன. அவற்றுள் கிழக்கு, மேற்குக் கோபுரங்களில் உரிய சுலோகங்களும் உடன் பொறிக்கப்பட்டுள்ளன. குடந்தைச் சாரங்கபாணி கோயிலிலும் கரண வரிசை காணப்படுகிறது.

இச்சிற்பங்கள் அச்சேறிய முறை ஈண்டு நினைக்கத்தக்கது. 1926இல் பரோடாவிலிருந்து கெய்க்வாட் கீழைத்தேய வரிசையில் நாட்டிய சாத்திரத்தின் முதல் தொகுதி வெளிவந்தபோது சிதம்பரம் கரண உருவங்கள் அதில் இடம்பெற்றன. 1936இல் நாராயணசாமி நாயுடுவும் உடனாசிரியர்களும் வெளியிட்ட ‘தாண்டவ லட்சணம்’ என்னும் ஆங்கில நூல் அவ்வுருவங்களை மேலும் பரவலாக்கியது. பக்கத்திற்குப் பக்கம் நின்ற நிலையில் அச்சிடப்பட்ட இவ்வுருவங்களைக் கண்ட பலர், கரணம் என்பது ஒரு நிலை என்றே கொண்டனர். கையும் காலும் இணைந்து இயங்குவதே கரணம் என்னும் நாட்டிய சாத்திர விளக்கம் பக்கத்திலேயே இருந்தும், படம் மொழியை வென்றுவிட்டது.

இக்கருத்தை மறுத்தவர் பத்மா சுப்ரமண்யம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்திற்கு மேற்கொண்ட ஆய்வில், கரணம் என்பது ஓர் இயக்க அலகு என்றும், சிற்பம் காட்டுவது அவ்வியக்கத்தின் தொடக்கமாகவோ நடுவாகவோ முடிவாகவோ இருக்கும் ஒரு கணம் மட்டுமே என்றும் அவர் வாதிட்டார். அவர் மீட்டுருவாக்கிய அசைவுகளின் நுணுக்கங்களில் கருத்து வேறுபாடுகள் இருக்கலாம். ஆயினும் ‘இந்த உருவம் இயக்கத்தின் எந்தக் கணம்?’ என்னும் அவருடைய கேள்வி சிற்பத்திற்கு மட்டும் உரியதன்று. ஆடலைக் காட்டும் ஒவ்வோர் ஒளிப்படத்தின் முன்னும் அதே கேள்வியை எழுப்பியாக வேண்டும்.

ஈரத் தட்டும் அசையாத உடலும்

1838இல் கடலூரை அடுத்த திருவேந்திபுரத்தைச் சேர்ந்த ஆடல் மகளிர் பாரிசுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். அவர்களுள் அம்மணி என்பவர் பிரெஞ்சு எழுத்தாளர் தியோபில் கோத்தியேவின் எழுத்தில் இடம்பெற்றார். ஒகஸ்த் பார் என்னும் சிற்பி அவருடைய உருவத்தைச் சிறு சிலையாக வடித்தார். டகேரின் ஒளிப்பட முறை உலகிற்கு அறிவிக்கப்பட்டது அடுத்த ஆண்டில்தான். தமிழகத்து ஆடல் மகள் ஒருவர் ஐரோப்பியரின் பார்வைக்குச் சிலையாகவே முதலில் நின்றார் என்பது தற்செயலே. எனினும் பின்வந்த அரை நூற்றாண்டு ஒளிப்படங்களும் அவர் இனத்தவரைச் சிலையாகவே காட்டின.

இதற்குக் காரணம் பெரும்பாலும் வேதியியல். 1851இல் அறிமுகமான ஈரக் கொலோடியன் முறையில் கண்ணாடித் தட்டின் மீது மருந்தைப் பூசி, அது காய்வதற்குள் படம் பிடித்து, உடனே கழுவிவிட வேண்டும். சென்னை, தஞ்சை வெயிலில் தட்டு காயும் வேகத்தைச் சொல்ல வேண்டியதில்லை. நிழற்கூடத்தின் மங்கிய ஒளியில் சில நொடிகளேனும் உடல் அசையாதிருத்தல் வேண்டும். தலை ஆடாமலிருக்கப் பின்புறம் இரும்புத் தாங்கி வைப்பதும் அக்கால வழக்கம். 1850களின் இறுதியில் தஞ்சை, மதுரைக் கோயில்களைப் படமெடுத்த லின்னேயஸ் டிரைப் மெழுகுத் தாளைப் பயன்படுத்தினார். அதற்கு இன்னும் நீண்ட நேரம் ஒளி தேவைப்பட்டது. அவருடைய படங்களில் கோயில்கள் ஆளரவமற்றுக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நடமாடியவர்கள் தட்டில் பதிவதற்கு முன் கடந்து போயினர்.

ஆகவே 19ஆம் நூற்றாண்டில் நிழற்கூடங்கள் எடுத்து விற்ற ஆடல் மகளிர் படங்களில் நாம் காண்பது ஆடலை அன்று. ஆடலுக்குரிய உடையில், அசையாமல் நிற்குமாறு பணிக்கப்பட்ட பெண்களை. ஒரு கை இடையில், ஒரு கை மார்பருகே, பார்வை நேராக. பலர் சேர்ந்து நிற்கும் படங்களில் பின்னால் சின்ன மேளத்தார் மத்தளம், துத்தி, தாளத்துடன் நிற்கின்றனர். கீழே ‘நாட்ச் பெண்கள், தஞ்சாவூர்’ என்பது போன்ற ஒரு தொடர். பெயர் இல்லை, கோயில் இல்லை, நட்டுவனார் யார் என்பதும் இல்லை. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த ‘இந்திய மக்கள்’ போன்ற அரசுத் தொகுப்புகள் மனிதரை இன வகைகளாக அடுக்கிய காலம் அது. ஆடல் மகளும் ஒரு வகையாக அடுக்கப்பட்டாள்.

இப்படங்களைச் சான்றாகக் கொள்வதில் இரு வேறு நிலைகளைப் பிரித்தறிய வேண்டும். உடை உடுத்த முறை, அணிகலன்கள், இசைக்கருவிகள், இசைவாணர் ஆடுபவர் பின்னே நின்றே வாசித்தமை ஆகியவற்றிற்கு இவை உறுதியான சான்றுகள். இசைவாணர் மேடையின் ஒருபுறம் அமர்ந்து வாசிக்கும் இன்றைய வழக்கம் பிற்காலத்தது என்பதை இப்படங்களே ஐயமின்றிக் காட்டும். ஆனால் ஆடலின் தரத்திற்கு இவை எவ்வகையிலும் சான்றாகா. அரைமண்டியின் ஆழம், அடவின் தெளிவு, கண்ணின் ஓட்டம் ஆகிய எதையும் அக்காலத் தட்டு பதிவு செய்திருக்க இயலாது. ‘பழைய சதிர் விறைப்பாகவும் உயிரற்றும் இருந்தது, மறுமலர்ச்சிக் காலமே அதற்கு எழில் சேர்த்தது’ என்னும் கூற்றுக்கு இப்படங்களைத் துணைக்கு அழைப்பது தவறு. விறைப்பு தட்டிற்குரியது, ஆடியவருக்குரியதன்று. 1890களில் தொடங்கிய நாட்ச் எதிர்ப்பு இயக்கம் முதல் 1947ஆம் ஆண்டுச் சட்டம் வரை அம்மகளிர் மீது வழங்கப்பட்ட தீர்ப்புகள் பல. அவற்றோடு, கருவியின் இயலாமையால் விளைந்த ஒரு தீர்ப்பையும் சேர்த்துச் சுமத்த வேண்டியதில்லை.

நிலைகளின் காலம்

1870களின் இறுதியில் உலர்தட்டு பரவியது. 1878இல் மைபிரிட்ஜ் ஓடும் குதிரையின் கால்களைத் தனித்தனிப் படங்களாகப் பிரித்துக் காட்டினார். 1925இல் லைக்கா கருவி விற்பனைக்கு வந்தது. அசைவைப் பிடிக்கும் ஆற்றல் கருவிக்கு வந்துவிட்டது. அவ்வாறிருந்தும் 1930களின் பரதநாட்டியப் படங்களில் நிலைகளே மிகுதி என்பது கவனிக்கத்தக்கது.

இதற்குக் காரணம் தேவை மாறியதே. 1931இல் சென்னை மியூசிக் அகாதெமியில் கல்யாணி மகளிரின் ஆடல் நிகழ்ந்தது. 1935 திசம்பரில் அடையாற்றில் பிரம்மஞான சபையின் மாநாட்டையொட்டி ருக்மிணி தேவி ஆடினார். ஆடலுக்குக் கோயிற் சிற்பத்தின் பழைமையையும் சாத்திரத்தின் மதிப்பையும் நிறுவிக்காட்ட வேண்டிய காலமாக அது இருந்தது. சிற்பம் போல் நிற்கும் ஆடல் மகளின் படம் அதற்குப் பொருத்தமான சான்றாயிற்று. கோயில் தூணின் அருகிலோ நடராசர் திருவுருவின் முன்னோ எடுக்கப்பட்ட படங்கள் இதழ்களிலும் நிகழ்ச்சி மலர்களிலும் நிறைந்தன. கலாக்ஷேத்திரத்தில் பணியாற்றி, பின்னர்க் கோவிலூர் மடத்தின் தலைமையை ஏற்ற சி. நாச்சியப்பன் எடுத்த ருக்மிணி தேவியின் படங்கள் 2003இல் நூலாக வெளிவந்தன. கோட்டின் தூய்மையும் பின்புலத்தின் எளிமையும் கொண்டு ஓர் ஆடல் மொழியை நிலை நிலையாகப் பதிவு செய்யும் வழிக்கு அவை நல்ல எடுத்துக்காட்டு. அகராதிக்கு உரிய சிறப்பு அவற்றிற்கு உண்டு. அகராதியில் வாக்கியத்தைத் தேடக் கூடாது.

அரங்கேற்று காதை கைகளை எழிற்கை, தொழிற்கை என்று பிரிக்கிறது. அழகின் பொருட்டு அமைவது எழிற்கை. பொருள் விளக்கத் தொழில் புரிவது தொழிற்கை. இக்காலப் படங்களில் எழிற்கையே ஓங்கி நின்றது என்று கூறின் மிகையாகாது. தொழிற்கை ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாறும்போதே பொருள் தரும். ஒற்றைப் படத்தில் அது ஊமையாகிவிடும்.

வேறு நாடுகளில் இரு வழிகள்

ஏறத்தாழ இதே ஆண்டுகளில் நியூயார்க்கில் இருவர் இச்சிக்கலுக்கு எதிரெதிரான விடைகளைக் கண்டனர். பார்பரா மோர்கன் 1935 முதல் மார்த்தா கிரகாமின் ஆடல்களைப் படமெடுத்தார். அவர் நிகழ்ச்சியின்போது படமெடுப்பதைத் தவிர்த்தார். ஆடலைத் திரும்பத் திரும்பப் பார்த்து, அதன் உயிர்நிலை எந்தக் கணத்தில் உள்ளது என்று தேர்ந்து, அதனை மட்டும் நிழற்கூடத்தில் தாம் அமைத்த ஒளியில் மீண்டும் ஆடச் செய்து பதிவு செய்தார். 1941இல் அவருடைய நூல் வெளிவந்தது. 1940இல் எடுத்த ‘உலகிற்கு ஒரு மடல்’ என்னும் ஆடற்படத்தில், கிரகாமின் உடல் முன்னே வளைய, பாவாடை பின்னே வீசி எழுகிறது. துணியின் அவ்வீச்சு முந்தைய கணத்தையும் அடுத்த கணத்தையும் பார்ப்பவர் மனத்தில் எழுப்பிவிடும்.

அலெக்ஸி பிரோதோவிச் நேர்மாறானவர். 1935 முதல் 1937 வரை நியூயார்க் வந்த உருசியப் பாலேக் குழுக்களைச் சிறு கருவியால், மேடை ஒளியிலேயே, குறைந்த வேகத்தில் எடுத்தார். உருவங்கள் கலைந்தன; விளக்குகள் கரைந்து பரவின. பிழை என்று பிறர் ஒதுக்கும் கலங்கலை அவர் இயக்கத்தின் மொழியாக ஏற்றுக்கொண்டார். ‘பாலே’ என்னும் அவருடைய நூல் 1945இல் 500 படிகளே அச்சாயிற்று. பரவலாகக் கிடைக்காத அந்நூல் பின்வந்த ஒளிப்படக் கலைஞரிடையே பெரும் மதிப்புப் பெற்றது.

கணத்தைத் தேர்ந்து கூர்மையாக்குவது ஒரு வழி. கணத்தைக் கரைத்து ஓட்டத்தைக் காட்டுவது மற்றொரு வழி. பரதநாட்டியத்திற்கு இரண்டாம் வழி எளிதில் பொருந்துவதில்லை. பாலேயில் உடல் முழுதும் வெளியில் வரையும் கோடே முதன்மை. அது கலங்கினாலும் கோடு எஞ்சும். பரதத்திலோ விரல் நுனியும் புருவமும் பொருள் சுமப்பன. அலபத்மம் கலங்கினால் அது அலபத்மமாக இராது. இதனை உணராமல் கலங்கலைப் புதுமை என்று கொண்ட பிற்காலப் படங்கள் பலவற்றில் பட்டுப்புடவையின் நிறக்கோலம் மட்டுமே மிஞ்சுகிறது.

தாளம் அறிந்த கண்

விடுதலைக்குப் பின் தில்லி, ஆடல் ஆவணத்தின் முக்கிய மையமாயிற்று. சங்கீத நாடக அகாதெமி விழாக்களும் பல்வேறு ஆடல் மரபினரின் வருகையும் அதற்குக் காரணம். கலாக்ஷேத்திரத்தில் பயின்று, பரோடாப் பல்கலைக்கழக நடனத் துறையை நடத்தி, பின் அகாதெமியில் பணிபுரிந்த மோகன் கோக்கர் (1924-1999) திரட்டிய தொகுப்பில் ஒளிப்படங்கள் பெரும்பங்கு வகித்தன. ‘ஸ்பான்’ இதழில் நெடுங்காலம் பணியாற்றிய அவினாஷ் பஸ்ரிச்சா, மேடை நிகழ்வைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து படமெடுத்தவர். சுனில் கோத்தாரியின் ஒடிசி, குச்சிப்புடி நூல்களுக்கு அவர் படங்களே அடிப்படை.

மேடையில் ஆடலைப் படமெடுப்பவருக்கு லய அறிவு இன்றியமையாதது. அசைவைக் கண்ட பின் விசையை அழுத்தினால் அக்கணம் கடந்திருக்கும். முன்னுணர்ந்தே அழுத்த வேண்டும். பரதநாட்டியத்தில் இதற்கு ஆடலின் அமைப்பே உதவுகிறது. தீர்மானம் பெரும்பாலும் மும்முறை அடுக்கி வந்து முடியும். முதல் இரு முறை கேட்டவருக்கு மூன்றாம் முறையின் முடிவு எவ்விடத்தில் விழும் என்பது தெரிந்துவிடும். ஆனால் இவ்வசதியே ஒரு பொறியாகவும் ஆயிற்று. எல்லோரும் தீர்மானத்தின் இறுதி நிலையையே எடுத்தனர். படங்கள் ஒன்றையொன்று ஒத்தன. அடவின் நடுவே, கால் தரையை விட்டு எழுந்து இன்னும் தட்டாத நிலையில், உடலின் எடை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்கு மாறும் கணத்தை எடுப்பதற்குத் துணிவு வேண்டும். அங்கு உடல் ‘அழகாக’ இராது; ஆடுபவர் அப்படத்தை விரும்பாமலும் போகலாம். பத்மா சுப்ரமண்யம் சிற்பத்தில் கண்ட ‘நடுக் கணம்’ இதுவே. சோழர் காலச் சிற்பி அதனைச் செதுக்கத் தயங்கவில்லை.

கருவியை வைக்கும் இடமும் பொருளை மாற்றும். உயரத்திலிருந்து எடுத்தால் அரைமண்டி அமுங்கித் தோன்றும். மேடை விளிம்பின் கீழிருந்து எடுத்தால் காலும் அடியும் பெருத்து, முகம் சிறுக்கும். அகல்கோண வில்லை நாட்டியாரம்பத்தில் நீண்ட கையைத் திரிக்கும்; தொலைவு வில்லை முன்னே நீட்டிய கையை முகத்தோடு ஒட்டிவிடும். உட்கார்ந்திருக்கும் சுவைஞரின் கண்மட்டத்தை மையமாகக் கொண்டு அமைந்த ஆடல் இது என்பதை மறந்து கோணத்தில் மட்டும் புதுமை தேடுவது பயன் தருவதில்லை.

பாலசரசுவதியும் கடற்காற்றும்

அபிநயத்தைப் பொறுத்தவரை சிக்கல் இன்னும் கடுமையானது. பதத்தின் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு சஞ்சாரியாகப் பலவாறு விரிப்பதே அதன் உயிர். கோபம் ஏளனமாகி, ஏளனம் ஏக்கமாகும் மாற்றத்தில்தான் சுவை பிறக்கும். ஒற்றைப் படம் கோபத்தைக் காட்டலாம், ஏக்கத்தைக் காட்டலாம், மாற்றத்தைக் காட்டாது. இக்கலையில் ஒப்பற்றவராகப் போற்றப்பட்ட தஞ்சாவூர் பாலசரசுவதியின் நிலைப்படங்கள் அவருடைய புகழுக்கு ஈடாக இல்லை என்று கருதுவோர் உண்டு. அது படமெடுத்தவர்களின் குறை மட்டும் அன்று.

சத்யஜித் ராய் 1935இல் சிறுவனாகக் கல்கத்தாவில் பாலசரசுவதியின் ஆடலைக் கண்டவர். 1976இல் அவர் ‘பாலா’ என்னும் அரைமணி நேர ஆவணப்படத்தை எடுத்தபோது பாலசரசுவதிக்கு அகவை ஐம்பத்தெட்டு. வர்ணத்தை ஆரவாரமின்றி, ஆடலுக்கு இடையூறு செய்யாத கருவிப் போக்கில் ராய் பதிவு செய்தார். ‘கிருஷ்ணா நீ பேகனே’ பாடலையோ கடற்கரையில் ஆடச் செய்தார். காற்று புடவையை அலைக்கழிக்கிறது. முகத்தின் நுட்பத்தோடு கடலும் வானும் போட்டியிடுகின்றன. இக்காட்சி வெளியானது முதல் குறைகூறப்பட்டு வருகிறது. அக்குறை நியாயமானதே. திரைமொழியில் தேர்ந்த ஒருவரும்கூட அபிநயத்திற்குப் புறத்தே ஓர் இயக்கம் தேவை என்று எண்ணியிருக்கிறார். அறையில் அமர்ந்து பாடியபடி அபிநயிக்கும் முகமே போதுமான இயக்கம் என்பதை வர்ணக் காட்சியின் எளிமை அவருக்கே உணர்த்தியிருக்கக் கூடும். (இதற்கு முன்பே, 1948இல், உதயசங்கர் சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் எடுத்த ‘கல்பனா’ படத்தில் ஆடலைக் கருவிக்கென்றே அமைத்துப் பார்த்தார். அவ்வழி தனி ஆய்வுக்குரியது.)

அணியற்ற உடல்

1985இல் ‘அங்கிகா’ தொடங்கி 2001இல் ‘சரீரா’ வரை சந்திரலேகா அமைத்த ஆடல்கள் ஒளிப்படக் கலைஞருக்கு வேறொரு தேர்வை வைத்தன. ஒப்பனையும் அணிகலனும் குறைந்தன. களரிப்பயிற்றும் யோகமும் பரதத்தோடு இணைந்தன. எல்லாவற்றிற்கும் மேலாக, வேகம் தணிந்தது. ‘சரீரா’வில் ஓர் அசைவு நிகழ்ந்து முடியப் பல நிமிடங்கள் ஆகும். தேர்ந்தெடுக்க ‘உச்சக் கணம்’ என்று ஒன்று அங்கில்லை. தசரத் படேல், சதானந்த் மேனன் ஆகியோர் இவ்வாடல்களை எடுத்த படங்களில் முகத்தைவிட முதுகும் முழங்காலும் முதுகெலும்பின் வளைவும் பேசுகின்றன. மேனன் அந்நிகழ்ச்சிகளுக்கு ஒளியமைத்தவரும் ஆவார். நிழல் எங்கே விழ வேண்டும் என்பதை முன்கூட்டியே அறிந்த கண் அது. தூண் நிழலை விலக்கச் சொன்ன காப்பிய மரபிலிருந்து, நிழலையே ஆடலின் உறுப்பாக ஏற்கும் நிலைக்கு அரங்கம் வந்திருப்பதையும் இங்குக் காணலாம்.

எண்மக் கருவிகள் வந்தபின் நொடிக்குப் பத்து, இருபது படங்கள் எடுப்பது எளிதாயிற்று. விசையழுத்தும் நேரத்தில் செய்த தேர்வு, இப்போது மேசையில் அமர்ந்து ஆயிரம் படங்களிலிருந்து ஒன்றைப் பொறுக்கும்போது நிகழ்கிறது. பொறுக்கப்படுவது மீண்டும் தீர்மானத்தின் இறுதி நிலையாகவே இருப்பதைச் சபா அறிவிப்புகளில் காணலாம். ஆய்வாளருக்குப் பயன்படக்கூடிய நடுக் கணங்கள் அழிக்கப்பட்டுவிடுகின்றன.

ஆவணக் காப்பகங்களின் விவரப் பட்டியல்களிலும் இதே குறை தொடர்கிறது. ஆடுபவர் பெயரும் ஆண்டும் இருந்தால் போதும் என்னும் நிலையே பெரும்பாலும் உள்ளது. எந்த உருப்படி, எந்த அடி, எந்த நடை, அசைவின் தொடக்கமா நடுவா முடிவா, நட்டுவாங்கம் யார், படம் மேடையில் எடுத்ததா நிழற்கூடத்தில் எடுத்ததா என்னும் விவரங்களைப் படமெடுத்தவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டுப் பதிய வேண்டும். 19ஆம் நூற்றாண்டுப் படங்களுக்கு அவ்வாய்ப்பு இல்லை. அவற்றில் நிற்கும் மகளிரின் பெயர்களைக் கோயிற் கணக்குகள், சமத்தான ஆவணங்கள், இசை வேளாளர் குடும்பங்களின் நினைவு ஆகியவற்றோடு ஒப்பிட்டு, கிடைக்கும் வரையிலேனும் மீட்க வேண்டியுள்ளது. தமிழ்த் துறைகளும் ஒளிப்படக் காப்பகங்களும் இணைந்து செய்யவேண்டிய பணி இது. நட்டுவனார் மரபில் வந்த முதியோரிடம் அப்படங்களைக் காட்டிக் கேட்பதிலிருந்து அதைத் தொடங்கலாம்.